ஹெரால்டுக்காரர்

எங்கள் ஊரில் மனிதர்களுக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று தாய் தகப்பனார் வைத்தது. அது ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரிலும் பத்திரமாக இருக்கும். மற்றொன்று கடைத்தெரு வைத்தது. வழக்கத்தில் செல்லுபடியாவது இந்த இரண்டாவது பெயர்தான். என் சிநேகிதருக்குச் சேத்தியாத்தோப்புக் கடைத்தெரு வைத்த பெயர் "ஹெரால்டுக்காரர்". 2024-ஆம் வருஷம் தை மாதத்தில் அவர் காலமானபோது பஸ் நிலையத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள். அதில் அச்சிட்டிருந்த சொந்தப் பெயரைப் படித்துவிட்டு, "யாரோ, பாவம்!" என்று நகர்ந்தவர்களை நான் என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் காலையில் அதன் பக்கத்தில் ஏதோ ஒரு பையன் சாக்குக் கட்டியால் சின்னதாக ஒரு மோட்டார் படம் போட்டிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான், "அடடா! நம்முடைய ஹெரால்டுக்காரரா?" என்று ஜனங்கள் நின்றார்கள்.

அவரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பதினைந்து வருஷத்துச் சிநேகம். மற்றொன்று, தீர்க்காமல் விட்ட ஒரு கடன். அது பணக் கடன் அல்ல. அதைப் பற்றிப் பிற்பாடு சொல்கிறேன். சொல்லாமல் தப்பித்துக் கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அப்படித் தப்பித்துக் கொள்வது அந்த மனிதருடைய சுபாவத்துக்கு நேர் விரோதமாக இருக்கும்.

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள் பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் எல்லாம் தாண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். பெரும்பாலோர் அப்போது தூங்கிக் கொண்டிருப்பார்கள். விழித்திருப்பவர்களின் கண்ணுக்கு வெள்ளாற்று அணைக்கட்டும், கரும்பு ஏற்றிய வண்டிகளும் தென்படும். அரைவைக் காலமாயிருந்தால் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை மூக்கில் ஏறும். வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேடுகள். தெற்கே வீராணம் ஏரி. இவற்றுக்கு நடுவில், ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில், கீற்றுக் கொட்டகையின் கீழ், வெளிறிய நீல வர்ணத்தில் நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி ஒன்று நின்றது. இன்னும் நிற்கிறது.

* * *

நான் சரித்திர ஆசிரியனாக இந்தப் பகுதிக்கு வந்தது 2009-ஆம் வருஷம். வந்த மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம், ஒல்லியாக உயரமான ஒரு மனிதர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நகல் எடுத்த காகிதக் கட்டு ஒன்று இருந்தது. அதன் ஓரமெல்லாம் கிரீஸ் கறை.

"சார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தவராமே?"

"ஆமாம், சரித்திரம்."

"சரித்திரமோ பூகோளமோ, இங்கிலீஷ் படிப்பீர்கள் அல்லவா? இதில் இருக்கிறதைக் கொஞ்சம் தமிழில் சொல்ல வேண்டும்."

அது அந்த மோட்டாரைப் பழுது பார்ப்பதற்கான புஸ்தகம். நான் முகலாய சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் சொல்லக் கூடியவன். 'கிளட்ச்' எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எம்.ஏ. பட்டத்தின் கௌரவத்தை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. "அதற்கென்ன, பார்க்கலாம்" என்றேன். அன்று ஆரம்பித்த பாடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நடந்தது. புஸ்தகத்தை நான் வாசித்தேன். அதன் அர்த்தத்தை வண்டியில் தொட்டுக் காட்டியவர் அவர். சில மாதங்களுக்குப் பிறகு, யாருக்கு யார் ஆசிரியர் என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தார். அங்கே மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் இருக்கின்றன அல்லவா? பெரியவற்றில் ஒரு வாளி மட்டும் 1,400 லிட்டர் கொள்ளும். "பகலெல்லாம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுச் சாயங்காலம் இதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மனசுக்கு இதமாயிருக்கிறது, வாத்தியாரே. இதன் எஞ்சின் முழுசும் 948 சி.சி. ஒரு லிட்டர்கூட இல்லை" என்பார். யானைப் பாகன் வீட்டுக்கு வந்து அணிற்பிள்ளைக்குப் பழம் கொடுப்பது போல என்று நான் நினைத்துக் கொள்வேன்.

ஹெரால்டின் கதை எங்கள் இருவருக்கும் பிடித்தமான பேச்சு. இத்தாலிய தேசத்தில் டூரின் நகரத்து ஜியோவனி மிச்செலோட்டி என்ற கலைஞர் வரைந்த உருவம் அது. இங்கிலாந்தில் 1959-ஆம் வருஷம் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் வெளிவந்தது. நமது சென்னையில் 1948-ல் ஏற்பட்டிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1961-லிருந்து அதைத் தன் பெயரில் செய்யத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சுங்கவரிக் கமிஷன் 1953-ல் ஒரு கொள்கையை வற்புறுத்தியது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டு வந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது. பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்பதுதான் அது. அதையொட்டி ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. நிலைத்து நின்றவை மூன்று கம்பெனிகள். கிழக்கே அம்பாஸிடர், மேற்கே ஃபியட், தெற்கே நம் ஸ்டாண்டர்டு. ஹெரால்டில் முதலில் இரண்டு கதவுகள்தான். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற நம் ஜனங்களுக்கு அது சரிப்படவில்லை போலும்! 1968-ல் நாலு கதவு வைத்தார்கள். 1971-ல் ஹெரால்டு நின்றது. 1980-களின் கடைசியில் கம்பெனியே மோட்டார் செய்வதை நிறுத்திவிட்டது. பெருங்களத்தூரில் அந்தத் தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்களில் கணிப்பொறி வேலை நடக்கிறது.

ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போய் இந்தப் பாடத்தை நடத்தினேன். பொருளாதாரக் கொள்கை அவர்கள் மனத்தில் எவ்வளவு பதிந்ததோ தெரியாது. ஆனால் ஹெரால்டின் மூக்கை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். மற்ற மோட்டார்களில் மூடியை மட்டுமே தூக்குவார்கள். இதிலோ மூடி, மட்கார்டு, விளக்கு எல்லாம் ஒரே பிடியாக முன்பக்கம் சாய்ந்து திறந்து கொள்ளும். "பெரியவர்களைக் கண்டால் குனிந்து கும்பிடுகிற வண்டி இது ஒன்றுதான்" என்று அவர் சொன்னதும் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிறகு அவர் ஏறி உட்கார்ந்து, ஒரு தென்னை மரத்தைச் சுற்றி அநாயாசமாக வட்டம் போட்டுக் காட்டினார். ஹெரால்டுக்குத் திரும்புவதற்கு 25 அடி விட்டம் போதும். எங்கள் அக்கிரகாரத்துச் சந்தில் மாட்டுவண்டி திரும்புவதற்கு அதைவிட அதிக இடம் வேண்டும்.

* * *

புஸ்தகப் பாடம் நடந்து கொண்டிருந்த முதல் வருஷத்தில், முன் சக்கரத்தைத் தாங்கும் பகுதியைப் பற்றிய அத்தியாயத்துக்கு வந்தோம். 'டிரன்னியன்' என்று ஒரு வார்த்தை. அகராதியில் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. அவர் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ் முனை, மறை போல முறுக்கப்பட்டு, வெண்கலக் கூடு ஒன்றினுள் இறங்கியிருக்கிறது. வண்டி திரும்பும் போதெல்லாம் தண்டு அந்தக் கூட்டுக்குள் திரும்புகிறது.

நான் வாசித்தேன்: இந்த இடத்துக்குக் கெட்டியான கியர் எண்ணெயையே செலுத்த வேண்டும், கிரீஸ் செலுத்தலாகாது.

"இன்னொரு தரம் படியுங்கள்" என்றார்.

படித்தேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்ன விஷயம் இதுதான்:

அந்த வண்டி முதலில் நெய்வேலி நகரத்தில் குடியிருந்த ஒரு டாக்டருடையது. 1970-ல் வாங்கியது. சுரங்கத்தில் வேலை கிடைப்பதற்கு முன்னால் என் சிநேகிதர் ஒரு மோட்டார் பட்டறையில் எடுபிடிப் பையனாக இருந்தார். டாக்டரின் வண்டி அங்கேதான் வரும். ஒவ்வொரு முறையும் அதற்கு கிரீஸ் அடிக்கிற வேலை இவருடையது. எல்லா வண்டிகளுக்கும் எல்லா இடங்களிலும் கிரீஸ் அடிப்பதுதான் அங்கே வழக்கம். 1974-ல் ஓர் இரவு, அவசரமாக நோயாளி ஒருவரைப் பார்க்க வந்த டாக்டர், வெள்ளாற்றுப் பாலத்துக்கு அருகில் திரும்பும்போது இடது முன் சக்கரம் மடக்கென்று உள்ளே மடங்கிவிட்டது. வண்டி மெதுவாகப் போனதால் உயிருக்கு ஆபத்தில்லை. டாக்டருக்கு முழங்கையில் காயம். துண்டால் கட்டிக்கொண்டு, மருந்துப் பையுடன் இருட்டிலே நடந்தே போய்விட்டார். செய்தி கேட்டு ஓடிவந்த பையன், விடிய விடிய அந்த வண்டிக்குக் காவலாக நின்றான்.

"ஏன் ஒடிந்தது, ஏன் ஒடிந்தது என்று முப்பத்தைந்து வருஷமாக எனக்குக் கேள்வி. ரோட்டின் மேல் பழி போட்டேன். இரும்பின் மேல் பழி போட்டேன். கடைசியில் பார்த்தால் என் கைதான்!" என்றார்.

கிரீஸ் கெட்டியானது. அந்த மறையின் அடிவரை இறங்காது. இறங்காத இடத்தில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் துருப்பிடித்துத் தேய்ந்து, ஒரு நாள் தண்டு முறியும். முறிவது பெரும்பாலும் சக்கரத்தை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போதுதான். இதெல்லாம் அந்தப் புஸ்தகத்தின் இரண்டு வரிக்குள் அடங்கிக் கிடந்தது.

"நீங்கள் சின்னப் பையன், அண்ணே. சொன்னதைச் செய்தீர்கள்" என்றேன்.

"அதனாலே குற்றமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்குத் தெரிந்துவிட்டதே. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால், இனிமேல் ஒடிகிற சக்கரமெல்லாம் என் கணக்கிலே அல்லவா சேரும்?"

அந்த வாரத்திலிருந்து அவருக்கு ஒரு புதிய தொழில் ஏற்பட்டது. பழைய மோட்டார் வண்டிகளைப் பாதுகாத்து வைப்பதில் பித்துக்கொண்ட ஒரு பெரிய கூட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சென்னையில் 'மதராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்' என்றே ஒரு சங்கம் வைத்து நடத்துகிறார்கள். திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் புதுச்சேரியிலும் பெங்களூரிலும் இந்தப் பித்தர்கள் உண்டு. யாரிடமாவது ஹெரால்டு இருப்பதாகத் தெரிந்தால் போதும். அவருக்கு என் சிநேகிதர் டெலிபோன் செய்வார். முன்பின் அறிமுகமில்லாதவரிடம், "ஐயா, வணக்கம். டிரன்னியனுக்கு என்ன போடுகிறீர்கள்?" என்பதே முதல் வாக்கியம். எதிர்ப்புறத்தில் இருந்தவர்கள் முதலில் பைத்தியம் என்று நினைத்தார்கள். பிறகு சிநேகிதர்களானார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு கதவுக் கைப்பிடி கிடைத்தால், "சேத்தியாத்தோப்புக்கு ஆகுமா?" என்று கேட்டு அனுப்பி வைக்கிற அளவுக்கு அந்தச் சிநேகம் வளர்ந்தது.

* * *

டாக்டர் உத்தியோகத்திலிருந்து விலகிச் சென்னைக்குப் போனது 1998-ல். வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியை, ஒரு வெள்ளைக் காகிதத்தில் நாலு வரி எழுதி, மிகச் சொற்பமான தொகைக்கு இவரிடம் கொடுத்துவிட்டார். அப்போது அதன் அடிச்சட்டம் சல்லடையாக இருந்ததாம். ஆனால் ஹெரால்டில் ஒரு சௌகரியம். அடிச்சட்டம் தனி, மேல்கூடு தனி, எல்லாம் போல்ட்டு போட்டுப் பூட்டியது. திருமண வீட்டுப் பந்தலைப் பிரிப்பது போலப் பிரித்து, மறுபடி கட்டிவிடலாம்.

பிரித்த சாமான்களின் துருவை அவர் நீக்கிய முறையைச் சொல்ல வேண்டும். ஆசிட் இல்லை, உப்புத்தாள் இல்லை. கரும்புக் கழிவுப் பாகு! மாட்டுத் தீவனத்துக்கு வருகிற பாகில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, ஒரு பெரிய பீப்பாயில் ஊற்றி, இரும்புச் சாமான்களை அதில் மூழ்க வைத்துவிடுவார். இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்துக் கழுவினால் துரு கரைந்து போய், நல்ல இரும்பு மட்டும் புதுச் சாம்பல் நிறத்தில் நிற்கும். பாகு துருவைத்தான் பிடித்து இழுக்கும், இரும்பைத் தொடாது. ஆனால் அலுமினியத்தைத் தின்றுவிடும். கார்புரேட்டர் ஒன்றைப் போட்டுக் கெடுத்த பிறகு அவர் கற்றுக்கொண்ட பாடம் இது. அந்தப் பீப்பாயின் வாசனையைப் பற்றி அண்ணியைத்தான் கேட்க வேண்டும். "ஊரில் எல்லா வீட்டிலும் வெல்லத்தைப் பாயசத்துக்குப் போடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் காருக்குப் போடுகிறார்கள்" என்பார் அந்த அம்மாள். எறும்புகளுக்கு மட்டும் குறையில்லை.

2016-ல் அவரும் நானும் கோயம்புத்தூர் போய், அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் ஏற்பட்டிருக்கும் மோட்டார் காட்சிசாலையைப் பார்த்தோம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டு ஆரம்பித்த மேதை அல்லவா அவர்! பல தேசத்து வண்டிகளும் அங்கே பளபளவென்று வரிசையாக நின்றன. என் சிநேகிதர் ஒவ்வொன்றின் முன்பும் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். மற்றவர்கள் வண்டிகளோடு படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில், "எல்லாம் அழகுதான், வாத்தியாரே. ஆனால் ஓடாமல் நிற்கிற வண்டி, பாடாமல் உட்கார்ந்திருக்கிற பாகவதர் மாதிரி" என்றார்.

இதைச் சொல்ல அவருக்கு யோக்கியதை உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். ஏனென்றால், அவருடைய சொந்த வண்டி தோப்பைத் தாண்டி ராஜபாட்டைக்கு வந்ததே இல்லை. ரிஜிஸ்தர் புஸ்தகம் டாக்டரின் பெயரிலேயே இருந்தது. அதன் காலமும் முடிந்து போயிருந்தது. பாதிப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. "ரிக்கார்டு சரியில்லாத வண்டியை ரோட்டில் ஏற்றமாட்டேன்" என்பது அவருடைய சபதம். எஞ்சின் சீராக ஓடியது, பிரேக்கு பிடித்தது, விளக்கு எரிந்தது. ஆனால் பயணம் என்னவோ தென்னை மரத்தைச் சுற்றித்தான். அண்ணியை முன் ஸீட்டில் உட்கார வைத்து, தைப்பூசத்தன்று வடலூருக்கு ஜோதி தரிசனத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவர் வெளியே சொன்ன ஒரே ஆசை. எங்கள் ஊரிலிருந்து வடலூர் அரைமணி நேரப் பயணம்.

* * *

இனி என் கடனுக்கு வருகிறேன்.

2021-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் புராதன மோட்டார்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. முதன்முதல் பதிவாகி ஐம்பது வருஷம் கடந்த, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு, 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் சேர்ந்த தனி நம்பர். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு ரோட்டில் போகலாம். செய்தியை நான் வாசித்துக் காட்டியதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "சென்னைக் கண்காட்சிக்குப் போகிற வழியில்தானே வடலூர்? வழியில் கொஞ்சம் இளைப்பாறினால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?" என்றார். பென்ஷன் பணத்திலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஒரு தகரப் பெட்டியில் போட ஆரம்பித்தார்.

டாக்டர் 2011-லேயே காலமாகிவிட்டார். பதிவுக்கு அவருடைய வாரிசின் கையெழுத்து வேண்டியிருந்தது. மகள் ஒருவர் சென்னையில் இருப்பதாக அறிந்தோம். 2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் விலாசமும் கிடைத்தது. அவருக்கு மரியாதையாக ஓர் ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டும். எழுத வேண்டியவன் நான்.

"விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்துக் கேளுங்கள். அதோடு கிரீஸ் விஷயத்தையும் ஒரு பாராவில் எழுதிவிடுங்கள். அவர் அப்பாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் போய்விட்டார்" என்றார்.

அந்தப் பாராவில்தான் நான் இடறினேன். உதவி கேட்கும் கடிதத்தில் யாராவது, "உங்கள் தகப்பனாரின் வண்டிச் சக்கரம் என்னால்தான் ஒடிந்தது" என்று எழுதுவார்களா? காரியம் கெட்டுவிடாதா? அதை நாசூக்காக எப்படி எழுதுவது என்று யோசித்தேன். யோசிக்க நேரம் வேண்டுமென்று தள்ளிப் போட்டேன். காலாண்டுப் பரீட்சை வந்தது. விடைத்தாள் திருத்தினேன். தீபாவளி வந்தது. அரையாண்டுப் பரீட்சை வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர், "கடிதம் ஆயிற்றா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "பரீட்சை வேலை ஜாஸ்தியா, சார்?" என்று கேட்பார். என் மனம் புண்படக் கூடாதென்று என் சமாதானத்தை அவரே எடுத்துக் கொடுப்பார். நானும் வெட்கமின்றி வாங்கிக்கொண்டேன்.

கடைசியாக மார்கழியில் பார்த்தபோது, பெட்ரோல் குழாயை மாற்றிக்கொண்டிருந்தார். பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எதனால் கலந்து விற்க ஆரம்பித்திருந்த சமயம். அது பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கிக் கெடுக்கும் என்பதற்காக வேறு ஜாதிக் குழாய் போட்டார். "கரும்பின் விசித்திரத்தைப் பார்த்தீர்களா? பாகாக வந்து துருவை எடுத்தது. சாராயமாக வந்து குழாயைத் தின்கிறது. நல்லதும் கெட்டதும் ஒரே ஆலையிலிருந்துதான் வருகிறது" என்று சிரித்தார். பதினைந்து நாள் கழித்து, தை பிறந்த நான்காம் நாள், விடியற்காலையில் மார்வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது எழுபது. அந்த வருஷத்துத் தைப்பூசத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

* * *

கருமாதியன்று ஏழு பேர் வெளியூர்களிலிருந்து வந்தார்கள். ஒருவரும் உறவினர் அல்ல. ஏழு பேரில் நாலு பேர் அவரை நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். சாப்பாடு முடிந்ததும் திருச்சிக்காரர் தம்முடைய டெலிபோனில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய ஹெரால்டின் மூக்கைத் திறந்து எடுத்த படம். உள்பக்கத்துத் தகட்டில் சிவப்பு வர்ணத்தில் கொட்டை எழுத்தில், "எண்ணெய் மட்டும். கிரீஸ் கூடாது. — சேத்தியாத்தோப்பு" என்று எழுதியிருந்தது. புதுச்சேரிக்காரர் தம் வண்டியிலும் அப்படியே எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். யாரோ ஒரு டாக்டரின் முழங்கையில் பட்ட காயம், எத்தனை பேருடைய எலும்பைக் காப்பாற்றியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். கூடவே, எழுதாத என் கடிதமும் ஞாபகம் வந்தது. தலை நிமிர்ந்து அவர்களைப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவே எழுதினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஏழு மாதம் என்னைத் தடுத்த அந்தப் பாரா மூன்று வாக்கியங்களில் முடிந்துவிட்டது. அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதினேன். நாசூக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கையெழுத்துப் போடத் தடையில்லை, நேரிலேயே வருகிறேன் என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். பிறகு இப்படி எழுதியிருந்தார்: அந்த இரவைப் பற்றி அப்பா பல தடவை வீட்டில் பேசியதுண்டு, ஆனால் சக்கரம் ஏன் ஒடிந்தது என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை, பனியில் விடிய விடிய வண்டிக்குக் காவல் நின்ற ஒரு பையனைப் பற்றித்தான் சொல்வார், ஊரை விட்டு வரும்போது வண்டியை அந்தப் பையனுக்கே கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

கடிதத்தை அண்ணியிடம் தமிழில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இதை அவர் கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். என்மீது குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று வார்த்தையைக் காட்டிலும் பெரிய தண்டனை எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனி மாதத்தில் டாக்டரின் மகள் வந்தார். அறுபது வயதுக்கு மேலான அந்த அம்மாள் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கும் கைப்பிடியைச் சிறு குழந்தை போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். தகரப் பெட்டியைத் திறந்து எண்ணினோம். இருபதினாயிரத்துக்கு மேலேயே இருந்தது. விண்ணப்பம் போயிருக்கிறது. நம்பருக்காகக் காத்திருக்கிறோம். பெங்களூரில் உத்தியோகமாயிருக்கும் மகன், வண்டியை விற்பதில்லை என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிரன்னியனுக்கு எண்ணெய் செலுத்துவது இப்போது என் பொறுப்பு. அதோடு, நாற்பத்தாறாவது வயதில், திருச்சிக்காரரின் தயவில் மோட்டார் ஓட்டவும் கற்றுக்கொண்டு வருகிறேன். வண்டிக்கு 25 அடி போதுமாயிருந்தாலும் எனக்குப் போதவில்லை. தென்னை மரத்தில் இதுவரை மூன்று காயம். மரம் பொறுத்துக்கொண்டிருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக எதிலும் இடிக்காமல் இரண்டு சுற்று வந்தேன். முன் ஸீட்டில் அண்ணி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சுற்று முடிந்ததும், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, "வடலூர் இன்னும் எவ்வளவு தூரம், தம்பி?" என்று கேட்டார்.